கீழே போட்டால் எரியும்

1

இந்த நாட்டில் விளக்கு எரிய வேண்டுமானால் சுவிட்சை மேலே தள்ள வேண்டும். நிற்க வேண்டுமானால் கீழே. நம்மூருக்கு நேர் எதிர். சொன்னால் ஒரு வரிதான். என் கை அதைப் படிக்க ஒரு முழுக் குளிர்காலம் எடுத்துக்கொண்டது.

தவறு கையில் மட்டும் இல்லை. டொராண்டோவுக்கு வந்து, மின் கட்டுப்பாட்டுப் பலகைகள் செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'லைட்டைப் போடுங்கள்' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி உடன் வேலை செய்தவரிடம் சொன்னேன். அவர் கையில் ஒரு மேசை விளக்கு இருந்தது. "எங்கே போட?" என்று கேட்டுவிட்டு அதைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். நான் என்ன பிழை செய்தேன் என்பது வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

எண்ணெய் விளக்கை ஏற்றுகிறோம். மின்விளக்கைப் போடுகிறோம். சுவிட்சு கீழே விழுவதால்தான் அந்தச் சொல் வந்ததா என்று எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. "கீழ போட்டாத்தான போடறது? மேல தூக்குனா அது இன்னா போடறது?" என்பாள்.

சென்ற சனிக்கிழமை எங்கள் வீட்டின் பழைய விளக்குப் பெட்டியைக் குப்பை வண்டி எடுத்துப் போனது. அந்தப் பெட்டியை மாற்றும் வேலையை அம்மாவுக்காகத்தான் தொடங்கினேன். அதைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

2

நாங்கள் வாங்கிய வீட்டுக்கு ஏறக்குறைய என் வயது. கட்டியவர் புதுமைப் பிரியராக இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்திலேயே வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் ஒரே தானியங்கி அமைப்பில் சேர்த்திருந்தார். சுவரில் நாம் அறிந்த சுவிட்சு ஒன்றுகூடக் கிடையாது. விரலகலப் பொத்தான்கள் மட்டும். பொத்தானின் மேல்பாதியை அழுத்தினால் மெல்லிய கம்பி வழியாக நிலவறையில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குச் சைகை போகும். அங்கே ரிலே என்ற சிறு கருவி 'டக்' என்று விழுந்து விளக்குக்கு மின்சாரம் விடும். கீழ்பாதியை அழுத்தினால் இன்னொரு 'டக்', விளக்கு நிற்கும். இரண்டு முறையும் பொத்தான் தன் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரிய படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பொத்தான்கள். படுத்த இடத்திலிருந்தே வீடு முழுவதையும் இருட்டாக்கலாம்.

நாங்கள் குடிபோன போது அந்த அமைப்பு கிழடாகியிருந்தது. எனக்கு எதையும் எழுதி வரிசைப்படுத்தும் பழக்கம் உண்டு. முதல் வாரத்திலேயே பட்டியல் போட்டேன்.

கூடம்: எரிகிறது, நிற்பதில்லை.
மாடிப்படி: நிற்கிறது, எரிவதில்லை.
வாசல்: தன்னிஷ்டம்.
சமையலறை: இரண்டு பேர் அழுத்தினால் ஒருவருக்குக் கேட்கிறது.

என் கணவர் சேகர் அதை வாசித்துவிட்டு, "ஃபேக்டரிக்கெல்லாம் பேனல் பண்ணி அனுப்பற. வீட்ல ஒரு பல்பு உன் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார்.

என் மகள் நித்யாவுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு அந்த 'டக்' சத்தம் பிடித்துப்போனது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்று ஒரு ரிலேயின் சுருளைக் கருக்கிவிட்டாள். மாற்று வாங்கப் போனால், அந்த ரகம் வருவது நின்றுவிட்டது என்றார்கள். கடைக்காரர் கருகியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், தனக்கே தர முடியுமா என்று கேட்டார்.

ஆக, முழு அமைப்பையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. வீட்டு மின்கம்பி வழியாகவே சைகை அனுப்பும் புதுமுறை சந்தைக்கு வந்திருந்தது. மேசைமேல் ஒரு சின்னப் பெட்டி, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு செருகி, சுவரை உடைக்கத் தேவையில்லை. எல்லா அறைகளுக்கும் அதையே வைக்கலாம் என்று முடிவு செய்தேன். அடுக்களையை ஒட்டிய கீழறை ஒன்றைத் தவிர.

3

ஊரில் எங்கள் குடியிருப்பு பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் பசியாவரம் என்ற மீனவக் குப்பம் தெரியும். அங்கே படகும் வலையும் உண்டு. எங்களுக்கு இரண்டும் இல்லை, கைதான். பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக இறங்கி, குந்தியபடி நகர்ந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவி எறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஒரு பனையோலைப் பறி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். வாய் திறந்தால் பறி போய்விடும். அதனால் தண்ணீரில் பேச்சு கிடையாது, முனகல்தான். ஒரு 'ம்' என்றால் நான் இங்கே இருக்கிறேன். நீட்டி முனகினால் இங்கே கிடைக்கிறது, வா. வெடுக்கென்று முனகினால் கெளுத்தி முள் குத்திவிட்டது. பகல் முழுக்க அடக்கிய பேச்சை அம்மா கரையேறியதும் மொத்தமாகக் கொட்டுவாள்.

குடிசைக்கு ஒரு விளக்கு என்று அரசாங்கம் மின் இணைப்பு கொடுத்தபோது நான் சென்னையில் பாலிடெக்னிக் விடுதியில் தங்கி மின்சாரம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்த சமயம்தான் வயர்மேன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மரக்கட்டையில் கறுப்புச் சுவிட்சைப் பொருத்தி, "எங்க வைக்கட்டும்மா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"எட்டற எடத்துல வைப்பா. நான் இன்னா பனமரமா?"

நான் குறுக்கே புகுந்து அம்மாவுக்கு ஒரே ஒரு விதி சொன்னேன். ஈரக் கையால் தொடக் கூடாது.

"எங்கையி எப்படி காயும்? காலைல எறங்குனா சாய்ந்தரம் வரிக்கும் தண்ணிலதான கீது. அப்ப எனக்கு லைட்டு கெடையாதுன்னு சொல்லு."

"தொடைச்சிகினு போடும்மா."

"இன்னாத்துல தொடைக்கறது? பொடவையும் நனைஞ்சிதான கீது."

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பறியை இறக்கி வைப்பாள். உள்ளங்கைகள் இரண்டையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போய், முழங்கையைச் சுவிட்சின் மேல் விழ விடுவாள். முழங்கை மட்டும் அதற்குள் காற்றில் காய்ந்திருக்கும். விளக்கு எரியும். என்னைத் திரும்பிப் பார்த்து, "படிச்சவளே, சரியா கீதா?" என்பாள். முழங்கையால் கீழே போடலாம், மேலே தள்ள வராது. அதனால் போடுவது அம்மா, நிறுத்துவது நான். நான் விடுதிக்குப் போன பிறகு அந்த வேலை என் அண்ணன் முருகனுக்குப் போனது.

4

அம்மாவுக்குக் கண் மங்குகிறது என்று அண்ணன் சொன்னது நாங்கள் வீடு வாங்கிய ஆண்டு. சென்னையில் காட்டினார்கள். கண்ணுக்குள் அழுத்தம், போன பார்வை திரும்பாது, மருந்து தவறாமல் விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். நாள் முழுதும் ஏரியில் இருக்கிறவளுக்கு வேளை தவறாமல் மருந்து விடுவது யார்? இங்கே அழைத்துக்கொண்டால் நான் விடலாம். மிச்சப் பார்வை போவதற்குள் அம்மாவைக் கொண்டுவந்துவிட வேண்டும். அந்த ஆண்டு முழுவதும் என் பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் தலைப்பு அதுதான்.

தொலைபேசி பழவேற்காட்டில் இஸ்மாயில் பாய் கடையில் இருந்தது. எறால் வாங்கி விற்கும் கடை. ஞாயிறுதோறும் அழைப்பேன்; எங்களுக்குக் காலை, அவர்களுக்குச் சாயங்காலம். முதலில் பாய்தான் எடுப்பார்.

"இன்னாம்மா வள்ளி, ஐஸ் கொட்டுதா? இங்க எனக்கு எறாலுக்குப் போட ஐஸ் இல்ல. ரெண்டு மூட்டை அனுப்பு."

பிறகு அம்மா. கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். தூரம் அதிகம் என்பதால் சத்தமும் அதிகம் வேண்டும் என்பது அவள் கணக்கு.

"உன் ஊர்ல ஏரி கீதாடி?"

"கீதும்மா. கடல் மாதிரி பெருசு."

"எறங்கலாமா?"

"குளிரும்மா. உறைஞ்சு போவும்."

"அப்ப அது இன்னா ஏரி, பேஜாரு."

சுவிட்சு இங்கே தலைகீழ் என்று ஒருமுறை சொன்னேன். வெகுநேரம் சிரித்தாள். பிறகு, "நான் வந்தா எனக்கு நம்மூரு மாதிரி வச்சிக் குடு. இந்த வயசுல எங்க போயி மேல தூக்கப் பழகறது" என்றாள். அவள் வருவேன் என்று வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

கீழறையை அவளுக்காகத் தயார் செய்தேன். பொத்தான் உதவாது. எரிகிறதா நின்றதா என்று அதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கண் மங்குகிறவளுக்கு விரலுக்குப் பதில் சொல்கிற சுவிட்சு வேண்டும். சமையலறைச் சுவருக்குள்ளிருந்து புதிதாகக் கம்பி இழுத்தேன், சேகர் டார்ச் பிடித்தார். சாதாரணச் சுவிட்சு ஒன்றை, அம்மாவின் முழங்கை உயரத்தை நினைவிலிருந்து அளந்து, இங்கத்திய வழக்கத்தைவிடத் தாழ்வாகப் பொருத்தினேன். தலைகீழாக. கீழே போட்டால் எரியும்.

நித்யா வந்து மேலே தள்ளிப் பார்த்தாள். விளக்கு நின்றது. "இது கெட்டுப்போயிருக்கு" என்றாள், ஆங்கிலத்தில். அவளிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். தொலைபேசியில் அம்மாவிடம் பேசச் சொன்னால், பெயரைச் சொல்லிவிட்டு என்னிடமே நீட்டிவிடுவாள்.

"கெடலை. பாட்டிக்கு இப்படித்தான் வேணும்."

"பாட்டி கத்துக்க மாட்டாங்களா?" அதையும் ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

5

சுவருக்குள் புதுக் கம்பி இழுத்தால் ஆய்வாளர் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வந்தவர் வயதானவர். பூட்ஸைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். என் இணைப்புகளைப் பார்த்து, எங்கே படித்தாய் என்று கேட்டார். சொன்னேன். நல்ல பள்ளி என்றார். பிறகு சுவிட்சைத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார்.

"தலைகீழாக இருக்கிறதே."

"என் அம்மா வருகிறார். அவருக்குக் கீழே போட்டுத்தான் பழக்கம். கையால் இல்லை, முழங்கையால்."

"முழங்கையாலா?"

அதை விளக்கும் ஆங்கிலம் எனக்குக் கோர்வையாக வரவில்லை. எறால், பறி, ஈரக் கை, எல்லாம் முன்பின்னாக வெளியே வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். "இந்த வீட்டில் வேறு யாராவது, தீயணைப்புக்காரர்கள் உட்பட, இருட்டில் நுழைந்தால் மேலேதான் தள்ளுவார்கள். இதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது. அடுத்த வாரம் திரும்ப வருகிறேன், அப்போது நேராக இருக்கட்டும்" என்றார். பூட்ஸை மாட்டிக்கொண்டே, "அதற்குப் பிறகு நான் யார் படுக்கையறைக்கும் போவதில்லை" என்றும் சொன்னார்.

சுவிட்சை நேராக்கினேன். அவர் வந்தார், ஒப்புதல் கொடுத்தார். மறுபடியும் திருப்ப இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் போதும். அம்மாவுக்கு டிக்கெட் உறுதியாகிற அன்று திருப்பலாம் என்று வைத்துக்கொண்டேன். என் பட்டியலில் கடைசி வரி அதுதான்.

6

டிக்கெட் வாங்கும் முன் குடியேற்ற அலுவலகத்துக்குப் பல காகிதங்கள் போக வேண்டியிருந்தன. அம்மாவுக்குப் பிறந்த தேதி கிடையாது. பெரிய புயல் அடித்த வருஷம் என்று ஏரிக்கரை முழுவதும் சாட்சி சொல்லும், ஆனால் எந்தப் புயல் என்பதில் ஆளுக்கொரு பேச்சு. அண்ணன் பொன்னேரி தாலுகா அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்து வயதுச் சான்று வாங்கினார். வீட்டுக்குத் தெருப் பெயர் கேட்டார்கள். தெரு இருந்தால்தானே. தொழில் என்ற இடத்தில் மீன்பிடிப்பு என்று எழுதினோம். படகின் விவரம், வலையின் விவரம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். படகு இல்லை, வலை இல்லை, கை என்று எழுதி, அதற்கு ஒரு சான்றும் இணைத்தோம். யார் மேலும் எனக்குக் குறையில்லை. அவர்கள் கேட்டது எல்லாம் அவர்கள் கேட்க வேண்டியதுதான். அது அது அதன் வேகத்தில் நகர்ந்தது. அம்மாவின் கண் அதைவிட வேகமாகப் போனது.

ஒவ்வொரு ஞாயிறும் நான் கேட்பேன். முதலில் படகு தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்றாள். பிறகு வெளிச்சம் தெரிகிறது, படகு தெரியவில்லை என்றாள். மழைக்காலம் முடிகிற சமயம் நான் கேட்டபோது, "பாயி இன்னிக்கி இன்னா சட்ட போட்டுக்கீறார்னு அவரையே கேளு" என்று பேச்சை மாற்றினாள். நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அனுமதி வந்துவிட்டது என்று நான் சொன்ன ஞாயிறன்று அவள் கத்தவில்லை. தூரம் குறைந்துவிட்ட மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"வள்ளி, நான் வர்லடி."

"ஏம்மா? எல்லாம் முடிஞ்சிடுச்சி. டிக்கெட் போடறதுதான் பாக்கி."

"எதுக்குக் கூப்ட்ட நீ? கண்ணக் காப்பாத்தத்தான? அது பூட்டுது. இனிமே அங்க வந்து நான் இன்னா பண்றது?"

"என்கூட இரும்மா. நான் பாத்துக்கறேன்."

"நீ வேலைக்குப் பூடுவ. புள்ள இஸ்கூலுக்குப் பூடும். நான் ஒரு ரூமுல குந்திகினு செவுத்தத் தடவிகினு கீணும். இங்கயும் தடவிகினுதான் கீறேன், ஆனா கைல எறாலு மாட்டுது."

"நீ இன்னும் எறங்கறியா?" எனக்குக் குரல் ஏறிவிட்டது. "ஆழம் தெரியாதேம்மா."

"எனக்கா தெரியாது? தண்ணிக்குள்ள கண்ண வச்சிகினு எவ புடிச்சா? எல்லாம் கலங்கல்தான். என்ன நடுவுல உட்டு ரெண்டு பக்கமும் வர்றாளுங்க. முன்ன மாதிரி இல்ல, இப்பல்லாம் வாய் மூடாம முனகறாளுங்க, நான் எங்கியாவது பூடுவேன்னு. தேனீக்கூட்டுல மாட்டுன மாதிரி கீது." சிரித்தாள். பிறகு, "தண்ணில எறங்கிட்டா நான் குருடி இல்லடி. உன் வீட்டுக்கு வந்தா நான் குருடி" என்றாள்.

என்னிடம் மூன்று நான்கு காரணங்கள் இருந்தன. அவள் வர வேண்டும் என்பதற்கு வரிசையாக எழுதியே வைத்திருந்தேன். அந்தப் பட்டியலை எடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"எனக்குன்னு ஒரு ரூம் பண்ணியே. லைட்டு நம்மூரு மாதிரி வச்சிக்கீறியா?"

"ம்."

"போட்டுப் பாரு."

தொலைபேசி சமையலறைச் சுவரில் இருந்தது. கீழறை எட்டாது. நித்யாவிடம், பாட்டி அறையில் விளக்கைப் போடு என்றேன். அவள் ஓடினாள். சுவிட்சு ஆய்வாளருக்காக நேராக்கியபடியே இருந்தது. மேலே தள்ளியிருப்பாள். "எரியுது!" என்று அங்கிருந்து ஆங்கிலத்தில் கத்தினாள்.

"இன்னா சொல்லுது புள்ள?"

"எரியுதுன்னு சொல்லுதும்மா."

"அது போதும்" என்றாள் அம்மா. பிறகு தொலைபேசி அண்ணனிடம் போனது.

"கண்ணு பூட்ட பிறகும் சாய்ந்தரம் வந்தா மொழங்கையால லைட்டு போடுதுமா அது. அதுக்கு இல்ல, எங்களுக்காம். போட்டுட்டு எரியுதான்னு கேக்கும். உங்க அண்ணி எரியுது அத்தேன்னு சொல்லணும். சொல்ற வரிக்கும் நின்ன எடத்துலயே நிக்கும்" என்றார்.

பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "நேத்து கரன்டே இல்ல. எரியுதுன்னுதான் சொன்னேன். வேற இன்னா சொல்றது?"

7

வீட்டு வேலையை முடித்தேன். மாடிப்படி, கூடம், வாசல், எல்லாம் புதுப் பெட்டியின் சொல்லைக் கேட்கின்றன. நிலவறையில் இப்போது சத்தம் இல்லை. நித்யாவுக்கு அதில் வருத்தம்; 'டக்' எங்கே போனது என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய ரிலேகளில் ஒன்றை அவளுக்கு விளையாடக் கொடுத்தேன். மற்றவை இரும்புப் பெட்டியோடு போய்விட்டன.

பட்டியலில் எல்லா வரியையும் அடித்தாயிற்று, கடைசி வரியைத் தவிர. டிக்கெட் உறுதியாகிற அன்று திருப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. இந்த ஞாயிறு பிற்பகல் திருகாணி முடுக்கியை எடுத்துக்கொண்டு கீழறைக்குப் போனேன். மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு திருகாணிகளையும் கழற்றி, சுவிட்சைத் திருப்பிப் பொருத்தினேன். மின்சாரத்தை விட்டேன்.

குளிர்காலத்தில் இங்கே நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், கையைத் துடைக்காமல் அந்த அறைக்குப் போனேன். உள்ளங்கைகளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முழங்கையைச் சுவிட்சின் மேல் விட்டேன். நான் அம்மாவைவிட உயரம். சற்றுக் குனிய வேண்டியிருந்தது. விளக்கு எரிந்தது. விரித்து வைத்த கட்டில், அம்மாவுக்குக் கால் தடுக்கக் கூடாது என்று கம்பளம் எடுத்த தரை, மூலையில் கண் மருந்து வைப்பதற்காக வாங்கிய சின்ன மேசை.

நித்யா வாசலில் வந்து நின்றாள்.

"அங்க யாரும் இல்லையே, அம்மா" என்றாள். ஆங்கிலத்தில்தான். "அம்மா" மட்டும் தமிழ்.

"ஆமாம்" என்றேன்.

போடுவது அம்மா, நிறுத்துவது நான். மேலே ஒரு தள்ளு தள்ளினால் போதும். கை காயட்டும் என்று நின்றேன். காய்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.